அவள் பேசி வாங்கிய பதினான்கு நாள்

என் மனைவி ஏலத்தில் மீன் எடுத்து விற்பவள். ஆனால் அவள் ஏலம் எடுப்பதை நான் ஒருநாள்கூட நின்று பார்த்ததில்லை. பதினாறு வருடமாக எனக்கு வளைகுடா நாடொன்றில், கப்பல் பழுது பார்க்கும் யார்டில் வெல்டர் வேலை. வருடத்துக்கு ஒருமுறை நாற்பத்தைந்து நாள் லீவு. அந்த நாற்பத்தைந்து நாளிலும் அவள் விடிகாலையில் எழுந்து காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்குப் போவாள், நான் புரண்டு படுப்பேன். அவள் வண்ணாரப்பேட்டைத் தெருக்களில் கூடையோடு கூவிக்கொண்டிருக்கும்போது நான் ராயபுரத்து வீட்டில் உட்கார்ந்து நாஸ்தா தின்றுகொண்டிருப்பேன். வெளிநாட்டில் உழைத்துக் களைத்தவன் அல்லவா என்று எனக்கு நானே சமாதானமும் சொல்லிக்கொள்வேன். இதை எழுதும்போது வெட்கமாகத்தான் இருக்கிறது.

கொரோனா வந்த அந்த வருடம், நான் லீவில் வந்த மூன்றாவது வாரம் விமானங்கள் நின்றன. முதலில் எனக்குச் சந்தோஷம். பொய் சொல்லவில்லை, கூடக் கொஞ்ச நாள் ஓசியில் கிடைத்த மாதிரி இருந்தது. துறைமுகத்தை மூடினார்கள், மார்க்கெட்டை மூடினார்கள், எங்கள் தெருவின் இரண்டு முனையிலும் கட்டை கட்டினார்கள். என் மகள் கல்லூரிப் பாடத்தைப் போனில் படித்தாள். என் மனைவி பத்து நாள் சும்மா இருந்து பார்த்தாள், அது அவளுக்கு ஒத்துவரவில்லை. பழக்கமான வீடுகளுக்குப் போன் போட்டு ஆர்டர் வாங்கி, கிடைத்த மீனை வீட்டிலேயே சுத்தம் செய்து, மாஸ்க் போட்டுக்கொண்டு வாசல் வாசலாக வைத்துவிட்டு வர ஆரம்பித்தாள். நான் மாடியில் காற்று வாங்கினேன்.

இரண்டு மாதம் போனபிறகுதான் நான் நாளை எண்ண ஆரம்பித்தேன். எங்களைப் போன்றவர்களுக்கு அங்கே கொடுப்பது குடியிருப்பு விசா. வருடக்கணக்கில் செல்லும். ஆனால் அதில் ஒரு முடிச்சு உண்டு. தொடர்ந்து நூற்றெண்பது நாள் அந்த நாட்டுக்கு வெளியே இருந்துவிட்டால் விசா தானாக ரத்தாகிவிடும். "செத்துடுச்சு" என்றுதான் நாங்கள் சொல்வோம். செத்த விசாவுக்கு உயிர் வராது. புதிதாக ஏஜென்ட், புதிதாக டெஸ்ட், புதிதாகச் சம்பளம் என்று முதலிலிருந்து தொடங்க வேண்டும். நாற்பத்தெட்டு வயது வெல்டரைப் புதிதாக எவன் எடுப்பான்? மகளுக்கு இன்னும் இரண்டு வருடப் படிப்பு பாக்கி. எனக்கு வேறு தொழிலும் தெரியாது.

கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. விசா உயிரோடு இருக்கும்போதே வந்து சேருகிறவனுக்கு வேலை உண்டு. டிக்கெட் அவன் செலவு. வந்து இறங்கியதும் அரசு அனுமதித்த ஓட்டலில் பதினான்கு நாள் தனியாக இருக்க வேண்டும், அதுவும் அவன் செலவு. ஓட்டல் வாடகையைப் பார்த்தால் என் ஒரு மாதச் சம்பளத்தைத் தாண்டியிருந்தது. நான் கம்பெனிக்காரனைப் போனில் பிடித்துக் கத்தினேன். அவன் வைத்துவிட்டான். வைத்த போனைப் பார்த்து இன்னும் கொஞ்ச நேரம் கத்தினேன். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும், அதனால் ஒரு காரியமும் நடந்ததில்லை.

என் மனைவி தரையில் குந்தி வஞ்சிரம் துண்டு போட்டுக்கொண்டிருந்தாள். கையை நிறுத்தவில்லை.

"அந்தக் காய்தத்தப் படி," என்றாள்.

"உனக்கு இன்னா புரியும்?"

"புரியாட்டி கேக்கறேன். நீ படி."

எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவள். நான் வேண்டாவெறுப்பாக ஆங்கிலத்தைத் தமிழாக்கிப் படித்தேன். நூற்றெண்பது நாள் என்ற இடம் வந்ததும் கத்தியை நிறுத்தினாள்.

"எந்த நாள்லேர்ந்து எண்ணிகினு கீற?"

"நான் மெட்ராஸ்ல எறங்குன நாள்லேர்ந்து."

"அங்க எப்ப ஏறுன?"

"அதுக்கு மொத நாளு ராத்திரி."

"அப்ப உன் கணக்கு தப்பு. மீனு எப்ப வலைல மாட்டிச்சோ அப்பலேர்ந்துதான் அதுக்கு வயசு. கரைக்கு வந்த நாள்லேர்ந்து எண்ணித்தான் நம்ம தலைல கட்டுவானுங்க. அவன் ஊர உட்டு நீ எப்ப வெளில வந்தியோ அப்பலேர்ந்துதான் அவன் எண்ணுவான்."

பாஸ்போர்ட்டை எடுத்துப் பார்த்தேன். அந்த ஊர் முத்திரையில் ஒரு தேதி, இந்த ஊர் முத்திரையில் மறுநாள் தேதி. நான் மனதுக்குள் குறித்து வைத்திருந்த விமானம் நூற்றெண்பதாவது நாள் போய் இறங்குவது என்று நினைத்திருந்தேன். அவள் கணக்குப்படி அது நூற்றெண்பத்தோராவது நாள். என்னோடு லீவில் வந்து மாட்டிக்கொண்ட ஏழெட்டுப் பேர் ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருந்தோம். எல்லோரும் பத்தாவது, ஐ.டி.ஐ. முடித்தவர்கள். எல்லோருமே சென்னை முத்திரையிலிருந்துதான் எண்ணிக்கொண்டிருந்தோம். நான் விஷயத்தைக் குழுவில் போட்டேன், என் பெயரில்தான். அவள் சொன்னாள் என்று எழுதக் கை வரவில்லை.

அது ரொம்ப நாள் ஒளிந்திருக்கவில்லை. மறுவாரம் அவள் என்னை வண்ணாரப்பேட்டைக்கு இழுத்துக்கொண்டு போனாள். அவளிடம் வருடக்கணக்கில் மீன் வாங்கும் ஒரு பாய் அங்கே டிராவல்ஸ் வைத்திருந்தார். பாதி ஷட்டர் இறக்கி உள்ளே உட்கார்ந்திருந்தார். டிக்கெட், ஓட்டல், எல்லாம் சேர்த்து ஒரே பேக்கேஜ் என்று வண்ணப் படம் போட்ட காகிதத்தை நீட்டினார். கட்டில், வெள்ளைப் போர்வை, ஜன்னலுக்கு வெளியே கடல். எனக்குப் பார்த்ததுமே பிடித்துவிட்டது. "சரி பாய், இதையே போட்ருங்க," என்றேன்.

அவள் என் தொடையில் கிள்ளினாள்.

அன்றைக்குத்தான் அவள் ஏலம் எடுக்கும் விதத்தை முதன்முதலாகப் பார்த்தேன். பிறகு மகள் எனக்கு விளக்கினாள். ஏலத்தில் எல்லோரும் கூடைக்கு மேலே இருக்கும் மீனைப் பார்த்து விலை கூவுவார்களாம். மேலே எப்போதும் பளபளவென்று பெரிதாகத்தான் அடுக்கியிருக்கும். இவள் ஒரு வார்த்தை பேசாமல் கையை அடி வரைக்கும் விட்டு, கீழே கிடப்பதில் ஒன்றை உருவி, செவுளைத் திறந்து பார்ப்பாளாம். அதற்குப் பிறகுதான் வாயைத் திறப்பாளாம்.

பாயிடம் அதையே செய்தாள். படத்தை அவரிடமே திருப்பிக் கொடுத்தாள்.

"பாய், பதினாலு நாளுன்னா பதினாலு பகலா, பதினாலு ராத்திரியா?"

"ராத்திரிதான்க்கா."

"இவரு எறங்கறதே ராத்திரில. அந்த ராத்திரி கணக்குல சேருமா, தனியா துட்டு கேப்பானா?"

பாய் யோசித்தார். "கேட்டுச் சொல்றேன்க்கா."

"இப்பவே கேளுங்க. மூக்குல குச்சி உட்டுப் பாக்கறது எத்தினி தபா? அது பேக்கேஜுல கீதா, வெளிலயா? ஏர்போட்லேர்ந்து வண்டி? மூணு வேளைக்கும் இன்னா சோறு? அல்லாத்தயும் எய்தித் தரச் சொல்லுங்க. அப்பால, நடுவுல இவருக்குக் காய்ச்சல் வந்து நாள் ஏறிச்சுன்னா அந்த நாளுங்களுக்கு யாரு குடுக்கறது?"

பாய் ஒவ்வொன்றுக்கும் போன் போட்டார். கேட்கக் கேட்கப் படத்தில் இருந்த கடல் வற்றிக்கொண்டே வந்தது. குச்சி பேக்கேஜில் இல்லை. வண்டி இல்லை. இறங்குகிற இரவுக்குத் தனி வாடகை. நாள் ஏறினால் நாம்தான் கட்ட வேண்டும், அதுவும் கூடுதல் விலையில். நான் நாற்காலியில் சுருங்கிப்போய் உட்கார்ந்திருந்தேன். நான்காவது ஓட்டலில் அவளுக்குத் திருப்தி வந்தது. படத்தில் அழுது வடிகிற மாதிரி இருந்த ஓட்டல். ஆனால் எல்லாமே உள்ளடக்கம், எல்லாமே எழுத்தில். விசா முடிய இரண்டு நாள் இருக்கும்படி டிக்கெட்டையும் போட வைத்தாள். "ஒரு நாளு விமானம் நின்னாலும் இன்னொரு நாளு கீதுல்ல," என்றாள். பாய் என்னைப் பார்த்து, "உங்களுக்கு இன்னா மச்சான், கவலயே இல்ல," என்றார். எனக்கு அதில் ஒரு குத்தல் இருப்பதாகப் பட்டது. இருந்தாலும் அன்றைக்கு அவளைப் பார்க்க எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

அதற்குப் பிறகு பாயே ஆட்களை அனுப்ப ஆரம்பித்தார். மாத்தூரிலிருந்து ஒரு டேங்க் ஃபிட்டர், எர்ணாவூரிலிருந்து ஒரு கிரேன் ஆப்பரேட்டர், யார் யாரோ. எல்லோரும் விசாவின் நாளை எண்ணிக்கொண்டிருந்தவர்கள். எங்கள் வாசலில் இடைவெளி விட்டு நின்று, பாஸ்போர்ட்டைப் பிரித்துக் காட்டுவார்கள். இவள் மீன் செதில் ஒட்டிய கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, மகளை விட்டு முத்திரையைப் படிக்கச் சொல்லி, சுவரில் மாட்டியிருந்த தினசரி காலண்டரைப் பின்னோக்கிப் புரட்டி எண்ணிச் சொல்லுவாள். தெருவில் அவளுக்கு "விசாக்கா" என்று பெயரே வைத்துவிட்டார்கள். ஒருவரிடமும் ஒரு டீக்குக்கூடக் காசு வாங்கவில்லை. வாங்கேன் என்று நான் சொன்னதற்கு, "பேஜாருல கீறவன்கிட்ட இன்னாத்த வாங்கறது," என்றாள். நல்லவேளை, நான் அப்படிச் சொன்னதை அவர்கள் யாரும் கேட்கவில்லை.

விமானத்துக்கு நான்கு நாள் இருந்தது. மறுநாள் காலை எனக்குச் சோதனை. நெகட்டிவ் என்ற காகிதம் இருந்தால்தான் ஏற விடுவார்கள். பாசிட்டிவ் என்றால் அவ்வளவுதான், நான் இங்கே தேறி எழுவதற்குள் விசா செத்திருக்கும். நோய் வந்தால் முதலில் வாசனை தெரியாமல் போகும் என்று அப்போது எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்த நேரம். சாயங்காலம் என் மகள்தான் ஆரம்பித்தாள்.

"நைனா, எதுக்கும் மோந்து பாரேன்."

வீட்டில் நெடி உள்ளது எது? கருவாடு. டப்பாவைத் திறந்து ஒரு பிடி நெத்திலிக் கருவாட்டை மூக்குக்கு நேராகப் பிடித்தாள். இழுத்து மோந்தேன். ஒன்றும் தெரியவில்லை. இன்னும் கிட்டக் கொண்டுவரச் சொன்னேன். ஒன்றுமில்லை. எனக்கு வியர்த்துவிட்டது. மகள் தானும் மோந்து பார்த்துவிட்டு முகம் வெளுத்து, "எனக்கும் தெர்லயே," என்றாள். என் மனைவி வாங்கி மோந்தாள். அவளும் உதட்டைப் பிதுக்கினாள்.

மூன்று பேருக்கும் வந்துவிட்டது என்று முடிவே கட்டிவிட்டோம். நான் கத்த ஆரம்பித்தேன். ஊரெல்லாம் சுற்றி மீன் விற்றாயே, வீட்டுக்குள் கொண்டுவந்து விட்டாயே என்று அவளைத்தான். கண்டவனையெல்லாம் வாசலில் கூட்டினாயே என்றேன். அவள் சுவரோரம் போய் உட்கார்ந்தாள். அந்த ஐந்து மாதத்தில் அவள் பயந்து நான் பார்த்தது அப்போதுதான்.

அந்த நேரத்தில் எனக்கு அத்தர் வாசனை அடித்தது. கம்மென்று, படிக்கட்டிலிருந்து. ஆள் இன்னும் வரவில்லை, வாசனை வந்துவிட்டது. "எனக்கு வருது!" என்று குதித்தேன். "எனக்கும் வருது நைனா!" என்றாள் மகள். டிக்கெட் காகிதத்தைக் கொடுக்க வந்த டிராவல்ஸ் பாய், வாசற்படியிலேயே நின்று, போட்டிருந்த மாஸ்க்குக்கு மேல் கைக்குட்டையையும் வைத்து அழுத்திக்கொண்டார்.

"இன்னாக்கா இது, வூடு பூரா கருவாட்டு நாத்தம் கொடலப் புடுங்குது!"

அப்புறம்தான் எங்களுக்கு உறைத்தது. ஐந்து மாதமாக வீட்டுக்குள்ளேயே மீன் அறுத்து, மாடியில் கருவாடு காயப்போட்டு, அதிலேயே தின்று தூங்கி எழுந்தவர்களுக்குக் கருவாடு எங்கே மணக்கப் போகிறது! சிரித்துச் சிரித்து எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பாய்க்கு விஷயம் புரியாமலே அவரும் சிரித்தார். "எனக்குந்தான் வருது, நல்லா வருது," என்று சொல்லிவிட்டு என் மனைவி எழுந்து, சிதறிக் கிடந்த கருவாட்டைப் பொறுக்கி டப்பாவில் போட்டாள்.

மறுநாள் நான் சோதனைக்குக் கிளம்பும்போது அவள் ஒரு பையில் துணி எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். எண்ணூர் நெட்டுக்குப்பத்தில் அவள் தங்கை வீடு. நான் விமானம் ஏறும் வரை அங்கேயே இருக்கப் போவதாகச் சொன்னாள்.

"நான் பத்து வூட்டு வாசல மிதிக்கிறவ. கடைசி நேரத்துல உனக்கு ஒட்டிகிச்சுன்னா அம்மாம் பாடும் வீணாப் பூடும்."

நியாயம்தான். ஆனாலும் எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது. இன்னும் மூன்று நாளில் போகப் போகிறேன், திரும்பி வர எத்தனை வருடம் ஆகுமோ, இந்த மூன்று நாள் கூட இருக்க முடியாதா? "போ, போ, உனக்கு நான் கெளம்பினாப் போதும்," என்றேன். அவள் எட்டவே நின்று தலையை ஆட்டிவிட்டு ஆட்டோ ஏறிவிட்டாள்.

எனக்கு நெகட்டிவ் வந்தது. போன் போட்டுச் சொன்னேன். "அப்பாடா," என்றாள். குரல் கட்டியிருந்தது. கேட்டதற்கு, கூவிக் கூவித் தொண்டை போச்சு என்றாள். நல்லாத்தான் கீறேன் என்றாள். நானும் விட்டுவிட்டேன்.

கிளம்ப வேண்டிய நாள் காலை. விமானம் சாயங்காலம். வழியனுப்பவாவது வந்து எட்ட நில்லேன் என்று போனில் கெஞ்சினேன். முடியாது என்றாள். நான் போனை வைத்துவிட்டு, பெட்டியைக் காலால் தள்ளி, உங்கம்மாவுக்கு மனசே இல்லை என்று மகளிடம் கத்தினேன். அந்தப் பெண் துணி மடித்துக்கொண்டிருந்தவள், அப்படியே உட்கார்ந்து ஓவென்று அழுதாள்.

"அம்மாவுக்குப் பாசிட்டிவ் நைனா."

அன்றைக்கு அத்தர் வாசனை எங்கள் இருவருக்கும் வந்தது. அவளுக்கு வரவில்லை. மறுநாள் நெட்டுக்குப்பம் முகாமில் மூக்கில் குச்சி விட்டுப் பார்த்திருக்கிறாள். ஒரு வாரமாகவே தங்கை வீட்டில்தான் இருக்கிறேன் என்று அந்த முகவரியைக் கொடுத்திருக்கிறாள். எங்கள் முகவரியைக் கொடுத்திருந்தால் எங்கள் வாசலில் தகரம் அடித்திருப்பார்கள். வீட்டில் இருக்கிற எல்லோரும் பதினான்கு நாள் வெளியே வர முடியாது. விமானமும் போயிருக்கும், விசாவும் போயிருக்கும்.

அவள் செய்தது சரியா என்று கேட்டால் சரியில்லை. நான் விமானம் ஏறியது அதைவிடச் சரியில்லை. அங்கே எனக்கு எடுத்த சோதனையெல்லாம் நெகட்டிவாகவே வந்ததால் இன்று இதை எழுதுகிறேன். வேறு மாதிரி ஆகியிருந்தால் எழுதக் கை வந்திருக்காது.

வண்டியை எடுத்துக்கொண்டு நெட்டுக்குப்பம் போனேன். திருவொற்றியூர் தாண்டி எண்ணூர் சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவில், ஹெல்மெட்டுக்குள்ளேயே அவளை வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டு போனேன். எனக்குத் தெரிந்த கெட்ட வார்த்தைகள் எர்ணாவூருக்குள் தீர்ந்துவிட்டன. மீதி வழி அழுதுகொண்டே போனேன்.

தங்கை வீட்டு வாசலில் தகரம் அடித்து நோட்டீஸ் ஒட்டியிருந்தது. எதிரே ஒரு படகை இழுத்து நிறுத்தியிருந்தார்கள். மேலே ஒரே ஒரு ஆஸ்பெஸ்டாஸ் அறை. அதன் ஜன்னலில் அவள் வந்து நின்றாள். முகம் பாதியாகியிருந்தது.

"கிட்ட வராத. அந்தப் படகாண்டயே நில்லு."

"இன்னாமே நெனச்சிகினு கீற உம் மனசுல!"

"கத்தாத. உனக்குப் பதிலுக்குக் கத்தறதுக்கு எனக்கு மூச்சு பத்தல."

அதோடு என் சத்தம் நின்றுவிட்டது. இத்தனை வருடத்தில் அவள் அப்படிச் சொன்னதில்லை.

"நான் போவல," என்றேன். "டிக்கெட்டக் கிழிச்சுப் போட்டுட்டு இங்கயே கீறேன்."

"இங்க இருந்து? உள்ள வர முடியுமா உன்னால? வாசல்ல குந்திகினு கத்திகினு இருப்ப. அத அங்க ரூமுல குந்திகினு கத்து." நிறுத்தி மூச்சு வாங்கினாள். "நானும் பதினாலு நாளு ரூமுல கெடக்கணும், நீயும் கெடக்கணும். உனக்கு மூணு வேள சோறு கதவாண்ட வரும். நான் பேசி வாங்குன சோறு. அத எவனோ துன்னணுமா?"

"மொதல்லயே சொல்றதுக்கு இன்னா?"

"சொன்னா நீ போவ மாட்ட. அதான் சொல்லல. எப்பவும் அதுக்குத்தான் சொல்லல."

"எப்பவும்னா?"

தகரத்துக்குப் பின்னாலிருந்து அவள் தங்கைதான் சொன்னாள். "மாமா, ரெண்டு வருசத்துக்கு மின்ன அக்காவுக்கு வயித்துல ஆபரேசன் ஆச்சு. பெரியாஸ்பத்திரில ஒம்போது நாளு கெடந்துச்சு. நாங்க சொல்றோம்னு சொன்னதுக்கு எங்க வாய அடச்சிடுச்சு."

"நீ கம்முனு கெட," என்றாள் மேலிருந்து.

எனக்கு அந்த ஒன்பது நாள் நினைவுக்கு வந்தது. வீடியோ வேண்டாம், சிக்னல் சரியில்லை என்று அவள் வெறும் குரலில் மட்டும் பேசிய நாட்கள். சாப்பிட்டாயா என்று என்னைக் கேட்டாள். நாங்கள் தங்கியிருந்த லேபர் கேம்ப்பில் குழம்பு வாயில் வைக்க முடியவில்லை என்று அரைமணி நேரம் அவளிடம் புலம்பியிருக்கிறேன். வயிற்றில் தையலோடு படுத்துக்கொண்டு அவள் அதை முழுக்கக் கேட்டிருக்கிறாள். அதற்கு முந்தைய வருடங்களில் இன்னும் என்னென்னவோ. கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பதினாறு வருடம் இந்தக் குடும்பத்தை நான் சுமந்ததாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

"சரி, போறேன்," என்றேன் கடைசியில். "ஆனா தெனம் மூணு தபா வீடியோல வரணும். வெரல்ல மாட்டற ஆக்சிஜன் மிஷின மாட்டி நம்பரக் காட்டணும். வாயால சொன்னா நம்ப மாட்டேன்."

"ரெண்டு தபா."

"மூணு."

"சரி, மூணு. கெளம்பு."

அவள் ஒரு விலையிலும் அவ்வளவு சீக்கிரம் இறங்கி வந்து நான் கேள்விப்பட்டதில்லை. அதிலிருந்தே அவளுக்கு எவ்வளவு முடியவில்லை என்று தெரிந்தது. திரும்பிப் பார்க்காமல் வண்டியை எடுத்தேன். பார்த்திருந்தால் போயிருக்க மாட்டேன்.

அந்த ஊர் ஏர்போர்ட் கவுண்டரில் என் பாஸ்போர்ட்டை வாங்கியவர் கம்ப்யூட்டரைப் பார்த்தார், நாளை எண்ணினார், முத்திரை அடித்தார். அவ்வளவுதான். அதற்காகத்தான் ஐந்து மாதம். வேலை இன்றும் இருக்கிறது. அவள் எழுந்து நடமாட மூன்று வாரம் ஆனது. மகள் படிப்பை முடித்தாள். ஆனால் எனக்கு அழியாமல் நிற்பது ஓட்டலில் முதல் நாள் மத்தியானம்தான்.

கதவைத் தட்டிவிட்டுச் சாப்பாட்டை வெளியே வைத்துவிட்டுப் போனார்கள். பிரிக்காமலே போன் போட்டேன். மூன்றாவது மணியில் எடுத்தாள். படுத்திருந்தாள். நான் கேட்பதற்கு முன்பே கையைத் தூக்கி, விரலில் மாட்டிய மிஷினைக் கேமராவுக்கு முன்னால் பிடித்தாள். கை நடுங்கியதால் எண் சரியாகத் தெரியவில்லை. நேராகப் பிடி என்றேன். இன்னொரு கையால் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு காட்டினாள். தொண்ணூற்று மூன்று. நல்லாத்தான் கீறேன் என்று அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

"சோறு வந்துச்சா? காட்டு."

பொட்டலத்தைப் பிரித்துப் போனுக்கு முன்னால் பிடித்தேன். சோறு, பருப்பு, ஒரு பொரியல், தயிர். அவள் தலையைத் தலையணையிலிருந்து கொஞ்சம் தூக்கிப் பார்த்தாள்.

"முட்ட எங்க?"

"இல்ல."

"மத்தியானத்துக்கு முட்டன்னு எய்திக் குடுத்துக்கீறான். கீழ போன் போட்டுக் கேளு."

"ஒரு முட்டதான, உடுமே."

"கேளு. மொத நாளு உட்டா பதினாலு நாளும் உட்ருவான்."

ஓட்டல் போனை எடுத்து, கத்தாமல், எழுதிக் கொடுத்ததைச் சொல்லிக் கேட்டேன். மன்னிக்க வேண்டும், இப்போதே அனுப்புகிறோம் என்றார்கள். அவளிடம் சொன்னேன். "வரட்டும், பாத்துட்டு வைக்கறேன்," என்றாள். போனைத் தலையணையில் சாய்த்து வைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். பேச அவளுக்குத் தெம்பில்லை. நான் சோற்றில் கை வைக்காமல் அவள் மூச்சு விடுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்த முட்டை வர ரொம்ப நேரம் ஆக வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன்.